பழைய மைஃபோர்டு லேத்: சக் கழற்றுவதிலிருந்து ஓட விடுவது வரை

மூன்று வருஷமாகப் போர்டிகோவில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த என் மைஃபோர்டு எம்எல்7 லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்), போன மாதம்தான் ஓர் அங்குலத் தண்டை இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கடைந்து கொடுத்தது. நடுவில் நான் உடைத்தது, வாங்கி வீணாக்கியது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து செய்தால் எந்த வரிசையில் செய்வேனோ அந்த வரிசையில் எழுதுகிறேன். டயல் கேஜ், மைக்ரோமீட்டர் படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாதென்றால் பக்கத்தில் இருக்கும் லேத் பட்டறையில் நாலு நாள் சாயங்காலம் போய் நின்றுவிட்டு வாருங்கள், டீ வாங்கிக் கொடுத்தால் சொல்லிக் கொடுப்பார்கள்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் பீஸ்டனில் செய்தது, இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு வந்த மாடல். பெட் என்பது எல்லாம் உட்காரும் நீளமான வார்ப்பிரும்பு அடித்தளம். அதிலிருந்து சுழலும் மையம்வரை உள்ள சென்டர் உயரம் மூன்றரை அங்குலம், அதாவது ஏழு அங்குல விட்டம்வரை பெட்டுக்கு மேலே சுழலும். கோவைப் பட்டறைகளில் ஓடும் ஆறடி, எட்டடி லேத்துக்கு முன்னால் இது பொம்மை மாதிரி இருக்கும், ஆனால் வீட்டில் வைக்க இதைவிடத் தோதான அளவு கிடையாது. மூடிய பட்டறை ஒன்றில் எடைக்குப் போட இருந்ததை வாங்கி வந்தேன். உங்களிடம் இருப்பது வேறு கம்பெனி என்றாலும் கீழே இருப்பதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில்: பிரிக்காதீர்கள்

வந்த அன்றே ஸ்பேனரை எடுக்கும் கையைக் கட்டிப் போடுங்கள். டூலைத் தாங்கிப் பெட் மேல் நகரும் கேரேஜை, சுழலும் தண்டு இருக்கும் ஹெட்ஸ்டாக் ஓரமாகத் தள்ளி, ஜிப் (கேரேஜின் ஆட்டத்தை எடுக்கும் பட்டை) திருகுகளை ஆட்டம் இல்லாத அளவுக்கு இறுக்கி, அப்படியே எதிர் முனையில் முட்டு கொடுக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டிப் பாருங்கள். பாதி வழியில் சிக்கி நின்றால் பெட் ஹெட்ஸ்டாக் ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாப் பழைய லேத்தும் அங்கேதான் தேயும், வேலை முழுக்க, பொருளைக் கவ்விச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில்தானே நடக்கிறது. லேசாகச் சிக்கினால் ஜிப்பைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து ஓட்டலாம். நகரவே மறுத்தால் பெட் கிரைண்டிங் செலவையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி, அப்புறம் பிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். பெயின்ட் அடித்து முடித்த பிறகு இது தெரியவந்தால் அழுகைதான் வரும்.

ஸ்பேனர் விஷயம் ஒன்று. இது பிரிட்டிஷ் மெஷின், நட் போல்ட் எல்லாம் பிஎஸ்எஃப், பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் அளவுகள். மி.மீ. ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துகிற மாதிரி இருக்கும், இறுக்கிப் பிடித்தால் தலையை உருட்டிவிடும். பழைய விட்வொர்த் ஸ்பேனர் செட் பழைய இரும்புக் கடையில் தேடினால் கிடைக்கும், புதுசைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும்.

கழுவுவது

டீசல், பெயின்ட் பிரஷ், பழைய பனியன் துணி. பெட்ரோல் வேண்டாம், வீட்டில் செய்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். வாட்டர் சர்வீஸ் குழாயை நீட்டவே நீட்டாதீர்கள். என் மெஷினில் சீவல் விழும் சிப் தட்டுக்கு அடியில் இரும்புத் தூளோடு ஒரு கைப்பிடி பொரி கட்டியாகக் கிடந்தது. பெட் மேலே வரிசையாக நாலைந்து கருப்பு வட்டங்கள், ஒவ்வொன்றும் அரை எலுமிச்சை அளவு. என்னவென்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி பெட்டின் மேலேயே வைத்திருக்கிறார்கள், சாறு இரும்பைத் தின்றிருக்கிறது. பூஜை போடுங்கள், பழத்தை மட்டும் ஒரு தட்டில் வையுங்கள்.

அந்தக் கறையை எடுக்க எமரி பேப்பரைத் தூக்காதீர்கள். எமரித் தூள் கேரேஜுக்கு அடியில் போய் உட்கார்ந்து மிச்சம் இருக்கும் பெட்டையும் தேய்க்கும். பழைய பிளேடைப் படுக்கையாகப் பிடித்து எண்ணெயோடு சுரண்டினால் துரு வந்துவிடும், கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

சக் கழற்றுவது: நான் பல்லை உடைத்த இடம்

எம்எல்7-இன் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் சக் திருகிதான் ஏறும். ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவான விட்டம், அங்குலத்துக்கு 12 மரை. நம் ஊர்க் கணக்கில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, ஆக ஒன்றே எட்டில் ஒரு அங்குலம். வருஷக்கணக்கில் கழற்றாத சக் அதில் பற்ற வைத்த மாதிரி ஒட்டியிருக்கும்.

அப்போது எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும். வேகத்தைக் குறைக்க இருக்கும் பேக் கியரைப் போட்டு, புல்லியையும் பூட்டிவிட்டால் ஸ்பிண்டில் நகராமல் நின்றுவிடும், அப்புறம் சக் சாவியில் ஒரு பைப்பை மாட்டி இழுத்தால் முடிந்தது. நானும் அதைத்தான் செய்தேன். முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுப்பில் "டக்" என்று ஒரு சத்தம், கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். தட்டில் விழுந்து கிடந்தவை இரண்டு கியர் பல்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர் இருக்கிறார். கூப்பிட்டு வந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, பேக் கியரப் போட்டு இழுத்தீங்ளா?" என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. மொத்த முறுக்கையும் ஒன்றிரண்டு வார்ப்பிரும்புப் பல் தாங்க வேண்டியிருக்கிறது, தாங்காது, அவ்வளவுதான்.

சரியான வழி இது.

மரை ஓரத்தில் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிப் பாதி கலந்து விட்டு இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள், காலையும் மாலையும் இரண்டு சொட்டு. சக்குக்குக் கீழே பெட் மேலே ஒரு பலகையைப் போட்டு வையுங்கள். கழலும்போது சக் விழுந்தால் முதலில் விரல், அப்புறம் பெட். பேக் கியரை விலக்கிவிடுங்கள். ஸ்பிண்டில் புல்லியும் பெரிய கியரும் பூட்டிய நிலையில் நேரடி ஓட்டத்தில் இருக்கட்டும், இந்த வழியில் முறுக்கு எந்தப் பல்லின் மேலும் விழாது. இப்போது சக்கின் ஒரு ஜாவை (கவ்வும் தாடை) வெளியே நீட்டி, பெட்டின் பின்பக்கம் அந்த ஜாவுக்கு அடியில் நல்ல வேங்கை மரக்கட்டை ஒன்றைக் கொடுத்து, பெல்ட்டைக் கையால் பிடித்து ஸ்பிண்டிலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பின்னோக்கி என்றால் சக்கின் மேல்பக்கம் உங்களை விட்டு விலகிப் போக வேண்டும். மோட்டாரைப் போட்டுச் செய்யாதீர்கள், கையால் மட்டும். கொஞ்சம் பின்னால் இழுத்து ஒரே வெட்டாகச் சுற்றினால் ஜா கட்டையில் மோதும், அந்த அதிர்ச்சிதான் வேலை செய்கிறது, பலம் இல்லை.

அதற்கும் அசையவில்லையா? பெரிய அறுகோணக் கம்பி ஒன்றை சக்கில் இறுகப் பிடித்து, அதில் நீள ஸ்பேனரை மாட்டி, மரச் சுத்தியலால் ஸ்பேனர் முனையில் சுருக்கென்று தட்டுங்கள். டெயில்ஸ்டாக் பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. எனக்கு இதில்தான் வந்தது, ஏழாவதோ எட்டாவதோ தட்டில். ஹாட் ஏர் கன் வைத்துச் சூடாக்கலாம், ஆனால் சக்கின் பின்தட்டை மட்டும், கை வைத்தால் பொறுக்கிற சூடு போதும். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம். அடுத்த இரண்டு அங்குலத்தில் ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவை பேரிங் இருக்கிறது, அது 240 டிகிரி பக்கமே உருகிவிடும்.

உடைந்த கியருக்கு வருகிறேன். கியர் வெட்டும் கடையில் கேட்ட முதல் கேள்வி "மாட்யூல் எவ்வளவுங்க?" மாட்யூல் என்பது மி.மீ.யில் பல்லின் அளவு. இது மாட்யூல் கணக்கே இல்லை, அங்குலத்தில் போடும் பழைய பிரிட்டிஷ் டிபி கணக்கு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும், ஒன்றோடொன்று சேராது. உடைந்த கியரையும் அதோடு ஓடும் ஜோடி கியரையும் சேர்த்தே கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஹெட்ஸ்டாக் பேரிங்

எம்எல்7-இல் ஸ்பிண்டில் ஓடுவது பிளந்த ஒயிட் மெட்டல் ஷெல்லில். இதே கம்பெனியின் சூப்பர் 7 மாடல் வைத்திருந்தால் பேரிங்கே வேறு, இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். சக் இருக்கும் இடத்தில் நீளமான மரக் கம்பைக் கொடுத்து ஸ்பிண்டிலை மேலே நெம்பி, டயல் கேஜில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றரைப் பங்குவரை ஏறினால் கையை வைக்காதீர்கள், நன்றாகவே இருக்கிறது. அதற்கு மேலே போய் லொட லொட என்று ஆடினால் மூடிக்கு அடியில் இரண்டு பக்கமும் இருக்கும் ஷிம்மை எடுத்துப் பாருங்கள், அது ஒரே தகடு இல்லை, வெங்காயம் மாதிரி அடுக்கு அடுக்காக உரியும். ஒரு பக்கத்துக்கு ஓர் அடுக்கு மட்டும் உரித்து, திரும்ப மாட்டி, மறுபடி நெம்பிப் பாருங்கள். எந்த மூடி எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பிரிக்கும் முன்பே குறி போட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் அதிவேகத்தில், இதில் அது நிமிஷத்துக்கு 640 சுற்றுதான், பத்து நிமிஷம் வெறுமனே ஓட விட்டுப் புறங்கையை மூடி மேலே வையுங்கள். இளஞ்சூடு சரி. கையை எடுக்கத் தோன்றினால் அதிகமாக உரித்துவிட்டீர்கள்.

நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன் எடுப்பவர்களுக்கு

இந்த மெஷினில் இருப்பவை எண்ணெய் ஏற்றும் முனைகள், ஆயில் நிப்பிள்கள். என் மெஷினின் முந்தைய ஆள் வருஷக்கணக்கில் கிரீஸ் ஏற்றியிருக்கிறார். கேரேஜை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூவின் பேரிங்கைத் திறந்தபோது உள்ளே பழுப்பு நிறத்தில் பார் சோப்பு மாதிரி இறுகிக் கிடந்தது, ஊக்கால் குத்தி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. எண்ணெய் போகும் துளையெல்லாம் அடைப்பு.

ஹெட்ஸ்டாக்குக்கு 32 கிரேடு ஹைட்ராலிக் ஆயில், பெட்டுக்கும் ஸ்லைடுகளுக்கும் 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில். பைக்குக்கு ஊற்றி மிச்சமான என்ஜின் ஆயில் போதாதா என்றால், என் கருத்தில் போதாது. அதில் இருக்கும் டிடர்ஜென்ட் தூசியை அடியில் படிய விடாமல் எண்ணெயிலேயே மிதக்க வைக்கும். காரில் அதை வடிகட்ட ஃபில்டர் இருக்கிறது, இதில் இல்லை.

துரு எடுப்பது

சின்னப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறைதான் எனக்குப் பிடித்தது. பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்துக்கு மைனஸ், பழைய இரும்புத் தகட்டுக்குப் பிளஸ். மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம் கரையும். தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது, அதில் இருக்கும் குரோமியம் தண்ணீரில் இறங்கி விஷமாகும். குமிழ் குமிழாக வருவது ஹைட்ரஜன், அதனால் வெட்டவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

பிறகு சேர்த்தது: இதைப் படித்த ஒருவர் மோட்டார் புல்லியையும் அதே பக்கெட்டில் போட்டுவிட்டு, காலையில் பார்த்தால் மேலெல்லாம் அரித்துப் போயிருந்தது என்று எழுதியிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. இரும்பு, எஃகு மட்டும்தான் இதில் போடலாம். அலுமினியமும் துத்தநாகக் கலவை வார்ப்பும் சோடாத் தண்ணீருக்குத் தாங்காது. காந்தம் ஒட்டாத எதையும் போடாதீர்கள்.

பெட் முறுக்கை எடுப்பது

பெயின்டைப் பற்றி எழுதப் போவதில்லை, உங்கள் இஷ்டம். இது மட்டும் விட்டுவிடக் கூடாது. வார்ப்பிரும்புதானே, கல் மாதிரி இருக்கும் என்று நினைப்போம், ஆனால் கால் போல்ட்டை இறுக்கும்போதே பெட் முறுக்கிக்கொள்ளும். விலை கூடிய ஸ்பிரிட் லெவல் வேண்டியதில்லை. 25 மி.மீ. தண்டு ஒன்றை சக்கில் பிடித்து 150 மி.மீ. வெளியே நீட்டுங்கள், டெயில்ஸ்டாக் முட்டு கொடுக்க வேண்டாம். நடுவில் கொஞ்சம் குறைத்து, இரண்டு முனையிலும் வளையம் மாதிரி விட்டு, கூரான எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில், ஆழத்தை மாற்றாமல் இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் மெலிசாகச் சீவுங்கள். டூல் மொட்டையாக இருந்தால் தண்டே வளைந்து பொய்க் கணக்குக் காட்டும்.

மைக்ரோமீட்டரில் பாருங்கள். வெளி முனை பெரிதாக இருந்தால் அந்த இடத்தில் டூல் தண்டை விட்டு விலகிப் போகிறது, டெயில்ஸ்டாக் பக்கத்து முன் காலுக்கு அடியில் ஷிம் கொடுங்கள். சிறிதாக இருந்தால் பின் காலுக்கு. எனக்கு வெளி முனை 0.04 மி.மீ. பெரிதாக இருந்தது. கூல்டிரிங்ஸ் கேனைக் கத்தரித்து ஒரு துண்டு முன் காலில் வைத்தேன், அடுத்த சீவலில் மறுபக்கம் போய்விட்டது, அரைத் துண்டாக்கி ஓரமாகத் தள்ளி வைத்து, மறுபடி இறுக்கி, மறுபடி சீவி, சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட்டும் போகாமல் ஆறாவது முறையில் இரண்டும் ஒன்றாக வந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள், மர மேஜையாக இருந்தால் கட்டாயம் மாறியிருக்கும்.

தார்ப்பாயைத் தூக்கிப் போட்டுவிட்டேன், அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது. இப்போது பழைய பருத்திப் போர்வை, மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் பெட்டுக்கு ஒரு துடைப்பு எண்ணெய்.

மோட்டார், நிறையப் பேர் கேட்டதால்

அரைக் குதிரைத்திறன் த்ரீ ஃபேஸ் மோட்டாரும், வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஓடி அதற்கு த்ரீ ஃபேஸ் கொடுக்கும் விஎஃப்டி பெட்டியும் வாங்குங்கள், சத்தமும் அதிர்வும் பாதியாகிவிடும். ஆனால் இங்கே கிடைக்கும் சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் உள்ளேயே ஸ்டார் இணைப்பில் கட்டி 415 வோல்ட்டுக்கு வருபவை, வெளியே மூன்று முனைதான் இருக்கும். சிங்கிள் ஃபேஸ் விஎஃப்டி கொடுப்பது 230 வோல்ட் த்ரீ ஃபேஸ், அதில் அந்த மோட்டார் சோம்பிப் போய் ஓடும், அழுத்தி வெட்டினால் நின்றுவிடும். கடையிலேயே டெர்மினல் மூடியைக் கழற்றி ஆறு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்கி, 230 வோல்ட்டுக்கு ஏற்ற டெல்டா இணைப்பில் கட்டுங்கள். எர்த்தை மெஷின் உடம்போடு சேர்க்க மறக்க வேண்டாம். விஎஃப்டியில் ரிவர்ஸ் பட்டனை செட்டிங்கிலேயே பூட்டி வையுங்கள், திருகி ஏற்றிய சக் ரிவர்ஸில் கழன்று உங்கள் மடியில் வந்து விழும்.