கடலோர ஊரில் குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர்: பணத்தை எங்கே போடுவது, எங்கே பிடிப்பது

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு கம்ப்யூட்டர் கடைக்குச் சென்று கேமிங்குக்கு ஏற்ற ஒன்றை அசெம்பிள் செய்து தரச் சொன்னால், கடைக்காரர் முதலில் கேட்பது கையில் உள்ள தொகை எவ்வளவு என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், எந்த விளையாட்டுகளை எந்த மானிட்டரில் ஆடப்போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் ப்ராசஸரின் வேகத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றன. சைபர்பங்க் 2077 போன்ற காட்சிச் செறிவு மிக்க விளையாட்டுகளில் பாரத்தின் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழுகிறது. மானிட்டரைப் பொறுத்தவரை, 24 அங்குல அளவில் 1920 x 1080 பிக்சல் கொண்டதே சிறு முதலீட்டுக்குச் சரியான எல்லை. அதற்கு மேல் 2560 x 1440 பிக்சலுக்குப் போனால், ஒவ்வொரு காட்சியிலும் வரைய வேண்டிய புள்ளிகள் ஏறத்தாழ 78 சதவீதம் கூடிவிடுவதால், கிராபிக்ஸ் கார்டின் விலையும் கூடவே ஏறும்.

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நீங்கலாக 55,000 ரூபாய் அளவில் திட்டமிடுபவர் அதில் 35 முதல் 40 சதவீதத்தை கிராபிக்ஸ் கார்டுக்கும், ஏறத்தாழ 30 சதவீதத்தை ப்ராசஸர், மதர்போர்டு இரண்டுக்கும் சேர்த்தும், பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஒதுக்கினால் மீதியில் ரேமும் எஸ்எஸ்டியும் கேபினட்டும் அடங்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதால் இந்தக் கணக்கு இப்போது முன்னைவிட இறுக்கமாக இருக்கிறது. அந்த இறுக்கத்தைத் தளர்த்த எஸ்எம்பிஎஸ்ஸில் கைவைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. கைவைக்கக் கூடாத ஒரே இடமும் அதுதான்.

கிராபிக்ஸ் கார்டில் பெயரைப் பார்த்து ஏமாறுவது எளிது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் 6 ஜிபி கார்டும் விற்கின்றன. 2024இல் வந்த 6 ஜிபி கார்டில் நினைவகம் மட்டுமல்லாமல் உள்ளே இருக்கும் கோர்கள் எனும் கணக்கிடும் அலகுகளும், நினைவகத்துக்குச் செல்லும் பாதையின் அகலமும் குறைக்கப்பட்டுள்ளன. அதற்கு 70 வாட் மின்சாரமே போதும் என்பதால், தனி மின் இணைப்பு தர முடியாத பழைய கம்ப்யூட்டருக்கு அது பொருந்தும்; புதிதாக அசெம்பிள் செய்பவருக்கு அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை. ஜிடி 1030 கார்டின் கதை இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் வந்த அதே பெயரில் மெதுவான டிடிஆர்4 நினைவகம் கொண்ட கார்டும் சந்தைக்கு வந்தது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியின் பெயர் 6600க்குப் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றினாலும், அது மதர்போர்டுடன் பிசிஐஇ எனும் தரவுப் பாதைகள் நான்கால் மட்டுமே இணைகிறது. மூன்றாம் தலைமுறை பிசிஐஇ உள்ள மதர்போர்டில் பொருத்தினால் அதன் வேகம் வெகுவாகச் சரியும், அதில் வீடியோ பதிவுக்கான என்கோடரும் கிடையாது. 1080 பிக்சலில் ஆடுபவருக்கு 8 ஜிபி நினைவகமும் 132 வாட் மின் செலவும் கொண்ட ஆர்எக்ஸ் 6600, கையிருப்பில் கிடைக்கும் வரை, கொடுத்த காசுக்கு நிறைவான கார்டு என்பது என் கணிப்பு. கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் ஆர்எக்ஸ் 7600 அல்லது 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 பற்றி விசாரிக்கலாம். எதுவானாலும் புதிய விளையாட்டுகளுக்காக வாங்குபவர் 4 ஜிபி கார்டைத் தவிர்ப்பது நல்லது.

ப்ராசஸரில்தான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். நான்கு கோர் கொண்ட ஐ3 12100எஃப், ஆறு கோர் கொண்ட ஐ5 12400எஃப், ரைசன் 5 5600 ஆகிய மூன்றில் ஒன்று மேற்சொன்ன கார்டுகளுக்குப் போதுமானது. இன்டெல் பெயரின் இறுதியில் எஃப் என்று இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கார்டு பழுதானால் திரையே வராது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ‘இப்போது ப்ராசஸர் மட்டும், ஆறு மாதம் கழித்து கார்டு’ என்று திட்டமிடுபவருக்கு உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5 5600ஜி ஏற்றது. ஆனால் அதன் எல்3 கேஷ் எனும் உள் அதிவேக நினைவகம் 5600இல் உள்ளதில் பாதி என்பதால், பிறகு கார்டு போட்டாலும் 5600 அளவுக்கு ஓடாது. மதர்போர்டுக்கு இன்டெல் என்றால் எச்610, ரைசன் என்றால் பி550 போதும். ரைசனுக்கான ஏ520 விலை குறைவுதான், ஆனால் அதில் பிசிஐஇ மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடும்.

‘ஐ7 கேமிங் கம்ப்யூட்டர்’ என்று மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் பெட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றுள் பலவற்றில் இருப்பது 2012இல் வெளியான மூன்றாம் தலைமுறை ஐ7. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயங்க வேண்டும் என்பதால், அந்தப் பெட்டியை வாங்கித் தந்த பெற்றோர் மறு மாதமே பிள்ளையின் முறையீட்டைக் கேட்க நேரிடும்.

ரேம் 16 ஜிபி வேண்டும். ஒரே குச்சியாக அல்லாமல் இரண்டு 8 ஜிபி குச்சிகளாக வாங்கினால் இரட்டைப் பாதையில் வேலை செய்யும். எஸ்எஸ்டி எம்.2 எனும் சிறு குச்சி வடிவில் இருப்பதாலேயே வேகமானது என்று எண்ணக் கூடாது. அதே வடிவில் வரும் சாட்டா வகை நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், எனவே என்விஎம்இ என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி எஸ்எம்பிஎஸ். கேபினட்டுடன் இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தால் உண்மை வெளிவரும். அங்கே 14 ஆம்பியர் என்று இருந்தால் ப்ராசஸருக்கும் கார்டுக்கும் கிடைக்கக்கூடியது 168 வாட் மட்டுமே. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த எண் 35ஐ ஒட்டி இருக்கும். 80 ப்ளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்றே தவிர, மின்னழுத்தம் எகிறும்போது காப்பாற்றும் என்பதற்கான உத்தரவாதம் அல்ல; ஆகவே முத்திரையோடு ஐந்து ஆண்டு வாரண்டியையும் எதிர்பாருங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலும் கரையேறிய இந்தப் பகுதியில், மின்சாரம் போவதையும், திரும்பி வரும்போது ஏறி இறங்குவதையும் கணக்கில் சேர்க்காத பட்டியல் முழுமையானதல்ல.

யுபிஎஸ் வாங்குவோர் விஏ என்பதை வாட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சந்தையில் உள்ள 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். ஆர்எக்ஸ் 6600 கொண்ட கம்ப்யூட்டரும் மானிட்டரும் ஆட்டத்தின் நடுவே 250 வாட்டைத் தாண்டக்கூடும் என்பதால், பேட்டரி சற்றுப் பழையதாகிவிட்டால் கரண்ட் போன கணமே எல்லாம் அணைந்துவிடும். 1000 விஏ அளவே நிம்மதி தரும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பவர்கள் அது சைன் வேவ் வகையா என்று பார்த்து, அதிலுள்ள யுபிஎஸ் மோடைப் போட்டுக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது எர்த். கேபினட்டின் உலோகத்தைத் தொடும்போது விரலில் லேசாகச் சுரீரென்றால், பெரும்பாலும் சுவர் பிளக்கில் எர்த் இல்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்க்க ஆகும் செலவு மொத்தத் தொகையில் மிகச் சிறியது.

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போன்று கடலை ஒட்டிய குடியிருப்புகளில் காற்றில் வரும் உப்பும் ஈரமும் உலோக முனைகளை அரிக்கின்றன. முன்பக்கம் வலையாக உள்ள, தூசு வடிகட்டி கழற்றக்கூடிய கேபினட்டை எடுத்து, கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் மேசை மேல் வையுங்கள். மழைநீர் வீட்டுக்குள் வரும் தெருக்களில் தரையில் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஓடும் கம்ப்யூட்டரின் சூடு ஈரத்தை விரட்டிவிடும், எனவே வாரக்கணக்கில் அணைந்து கிடப்பதுதான் அதிகக் கேடு. நீண்ட நாள் கழித்துப் போடும்போது திரை வரவில்லையென்றால், மின் இணைப்பை எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் பொருத்திப் பாருங்கள்.

புதுச்சேரியில் வாங்கினால் வரி மிச்சம் என்ற எண்ணம் கடலூர்க்காரர்களிடம் இன்னும் இருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தபின் இரு ஊர்களிலும் விகிதம் ஒன்றே, கம்ப்யூட்டர் பாகங்களுக்குப் பொதுவாக 18 சதவீதம். சென்னை ரிச்சி தெருவில் விலை குறையலாம்; ஆனால் பழுதான பாகத்தைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறுபடியும் பேருந்து ஏறும் நாளையும் யோசித்து, சிறிய வித்தியாசமாக இருந்தால் உள்ளூரிலேயே வாங்கலாம். எங்கே வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். பழைய பொருள்களில் ரேமையும் ப்ராசஸரையும் சோதித்து வாங்கலாம், கார்டைத் தயங்கி வாங்கலாம், எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கவே கூடாது.

அசெம்பிள் ஆனதும் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகி, பயாஸில் ரேமை அதன் குறிப்பிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியைப் போட்டு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்தால் விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் அந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் அது 60இலேயே இருக்கக்கூடும். பிறகு, மாற்றித் தரக் கடைக்காரர் ஒப்புக்கொண்ட நாள்கள் முடிவதற்குள், மதிய வெயில் நேரத்தில் கனமான விளையாட்டு ஒன்றை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, கார்டின் வெப்பத்தையும் தானாக அணைகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.