கரிசலில் வீடு கட்டுகிறீர்களா? சித்திரை மண்ணை நம்பாதீர்கள்

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் சித்திரையில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினால் கடப்பாரை ணங்கென்று துள்ளும். "பாறை மாதிரி இருக்கு, தாராளமா கட்டலாம்" என்பார் கொத்தனார். முதல் தவறு அங்கேதான். மண்ணில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச ஈரம் துகள்களை இழுத்துப் பிடித்திருப்பதால் வந்த இறுக்கம் அது. ஐப்பசி மழை இறங்கியதும் பிடி தளர்ந்து, அதே இடத்தில் கணுக்கால் வரை புதையும். தாங்குதிறனை நனைந்த மண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

"ஒரு மழையைத் தாங்கிவிட்டது, இனிப் பயமில்லை" என்பது இதைவிடப் பெரிய தவறு. கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் அடுத்த மழை இன்னும் ஆழமாக இறங்க வழி. இப்படி நனைந்து காய்ந்து மண்ணின் ஒட்டுப்பிடி குறைந்துகொண்டே வரும். இழப்பில் பெரும்பங்கு முதல் சில சுற்றுகளிலேயே நடந்துவிடும். அதனால்தான் கரை போட்ட அன்று சோதனையில் தேறிய களிமண் கரை, சில வருஷம் கழித்து ஒரு மழையில் மேலோடாகச் சரிகிறது.

வெடிப்புக்குள் மணலைக் கொட்டி மூடுகிறவர்களும் உண்டு. மழையில் மண் உப்ப இடமில்லாமல் போய், அந்த அழுத்தம் சுவர் மேல் பாயும். வானத்தைச் சுற்றி மணல் நிரப்பினாலும் வம்புதான், தண்ணீர் அங்கேயே தொட்டி கட்டி நிற்கும். அப்புறம், சுவரோரமாகக் குளியலறைத் தண்ணீரை விடுவது. வீட்டின் ஒரு மூலை மட்டும் வருஷம் முழுக்க நனைந்தால் அந்த மூலை மட்டும் தூக்கும்.

உங்கள் மண் எவ்வளவு உப்பும்? சோதனை எளிது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்ந்த மண், 10 கிராம் வீதம் இரண்டு கண்ணாடி அளவுக்குழாயில். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய், 100 மில்லி வரை. மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. 24 மணி நேரம் கழித்து, தண்ணீரில் உள்ள மண்ணின் கன அளவு மண்ணெண்ணெயில் உள்ளதைவிடப் பாதிக்கு மேல் கூடியிருந்தால் சாதாரண அஸ்திவாரம் போடாதீர்கள். ஆழமான கரிசலில் அடிப்பக்கம் குமிழாக விரிந்த பைல்களை (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்களை) குறைந்தது 3.5 மீட்டர் இறக்குவது வழக்கம். செலவுதான், சரி. ஆனால் பின்னால் அஸ்திவாரத்தைச் சரிசெய்வது இதைவிடச் செலவு.

ஏற்கெனவே கட்டிய வீட்டுச் சுவரில் விரிசல் விட்டிருந்தால் உடனே பூசி மறைக்க வேண்டாம். விரிசல் முனையில் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும், விரிசல் கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.