பழைய சாப்பாட்டு மேசையா? முதலில் அடியில் பாருங்கள்

சிங்கப் பாதமும் திராட்சைக் கொடியும் செதுக்கிய மேசையைக் கண்டால் எல்லோர் கையும் செதுக்கலுக்குத்தான் போகும். அதைச் செய்ததே அதற்காகத்தான். வீட்டுக்காரர் எவ்வளவு வசதியானவர் என்பதை விருந்துக்கு வந்தவர் கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டும். பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்க்கும் நான் மட்டும் டார்ச்சோடு மேசைக்கு அடியில் படுத்துவிடுவேன்.

பகட்டு எல்லாம் கண்ணில் படும் பக்கத்தோடு சரி. அடிப்பலகையை யாரும் இழைத்து மெருகேற்றுவதில்லை. ரம்பத்தின் தடம் அங்கே அப்படியே இருக்கும். கைரம்பம் என்றால் ஒழுங்கில்லாத நேர்க்கோடுகள். வில்லாக வளைந்த கோடுகள் வட்டரம்பத்தின் வேலை. அநேகமாக 19ஆம் நூற்றாண்டு அல்லது அதற்கும் பிந்தையது.

வட்ட மேசையா? டேப்பை மரத்தின் ரேகை ஓடும் திசையில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை வைத்து அளந்து பாருங்கள். மரம் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. நூறு வருஷத்துக்கு மேலான கெட்டிப்பலகை இன்னும் அச்சு வட்டமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

செதுக்கலுக்கு அப்புறம் வரலாம். 1845-இல் இங்கிலாந்தில் தாமஸ் ஜோர்டன் செதுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு இலைக்கும் ஒருவர் உளி பிடித்தாக வேண்டும். அந்தக் கூலியைக் கொடுக்க முடிந்தவர்தான் பெரிய மனிதர். பக்கத்துப் பக்கத்து இலைகளை விரலால் தடவிப் பாருங்கள். கைவேலையில் ஆழம் கொஞ்சமாவது மாறும்.

நாற்காலிகளில்தான் நான் ஏமாந்தேன். இங்கிலாந்துப் பாணி செட்டில் வழக்கமாகக் கைப்பிடி வைத்தவை இரண்டே. மேசையின் இரு தலைப்பிலும் வீட்டுத் தலைவரும் தலைவியும் உட்கார. அவற்றுக்கு விலை அதிகம் என்பதால் சாதாரண நாற்காலியில் கைப்பிடி ஒட்டி விற்பார்கள். அப்படி ஒரு ஜோடியை அளக்காமலே வாங்கி வந்தேன். வீட்டில் பார்த்தால் மற்ற நாற்காலிகளின் அதே அகலம். ஆதியிலேயே கைப்பிடியோடு செய்த நாற்காலியின் இருக்கை பொதுவாக மற்றவற்றைவிட இரண்டு அங்குலமாவது கூடுதல் அகலமாக இருக்கும். அன்று முழுக்க மனம் ஆறவில்லை.

வாங்கியதும் உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, மறைவான ஓர் இடத்தில் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அந்தப் பளபளப்பு வர பல தலைமுறைகள் துடைத்திருக்கிறார்கள். மெழுகு தடவி, மென்மையான துணியால் தேய்த்தாலே போதும்.