ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: தொடக்க உணவுக் கணக்கு

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டை, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் லேன் போட்டு (கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து) ஆடும் புதுப் பசங்க பெரும்பாலும் சண்டையில் தோற்பதில்லை, தொடக்க உணவிலேயே தோற்கிறார்கள்.

ஆட்டம் தொடங்கும்போது கையிருப்பு 200 உணவு. ஓர் ஆளை, அதாவது வேலையாளை, உருவாக்க 50 உணவு, 25 நொடி. நாலு பேரை வரிசையில் போட்டால் 100 நொடி ஓடும். அதற்குள் ஆட்டிறைச்சி வந்து சேர வேண்டும். டவுன் சென்டர் (ஆட்கள் உருவாகும், உணவைக் கொண்டு சேர்க்கும் மையக் கட்டடம்) 5 பேரைத்தான் தாங்கும், அதனால் 25 மரத்தில் வீடு உடனே.

வெளிப்படையாகச் சொல்லாத விஷயம் இதுதான்: அறுத்த ஆடு அழுகும். செத்த ஆட்டைக் கிளிக் செய்து பாருங்கள், யாரும் தொடாமலே அதிலுள்ள 100 உணவு குறைந்துகொண்டே வரும். போச்சம்பள்ளி சந்தையில் வெட்டிய கறியை வெயிலில் போட்ட கதைதான். ஆகவே ஒரு நேரத்தில் ஒரே ஆடு, அதுவும் டவுன் சென்டர் சுவரை ஒட்டி, ஆறு பேர் சேர்ந்து.

காட்டுப்பன்றியில் 340 உணவு. டவுன் சென்டர் அம்பு அடிக்கலாம், ஆனால் கடைசி அடி ஆளுடையதாக இருக்கணும். அம்பில் செத்தால் இறைச்சி கிடைக்காது.

மரம் சுமப்பவனைத் தங்கத்துக்கு அனுப்புமுன் சுமையை இறக்கவையுங்கள். இல்லையென்றால் முதல் தங்கத்தை வெட்டியதும் கையிலிருந்த மரம் போய்விடும்.