12 டன் ஜாக்கியில் வீட்டுப் பட்டறைக்கு ஒரு பிரஸ்

தண்ணீர் மோட்டாரின் பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றுவதை நான் விட்டுவிட்டேன். தண்டில் ஏற்றும்போது வெளிவளையத்தில் அடி விழுந்தால், உள்ளே குண்டு ஓடுகிற பாதையில் பள்ளம் விழும். புதுப் பேரிங்கும் சீக்கிரமே இரையத் தொடங்கும். ரங்கூனில் கரண்டை நம்பி உட்கார முடியாது. அதனால் கையால் அடிக்கிற பாட்டில் ஜாக்கியிலேயே (பாட்டில் போல நிற்கிற எண்ணெய் ஜாக்கி) ஒரு பிரஸ், அதாவது பேரிங்கை அழுத்தி ஏற்றுகிற கருவி, கட்டினேன். வெல்டிங்கும் டிரில்லிங்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இரும்பு. தூண்கள் இரண்டு, நடுவே அரை மீட்டர் இடைவெளி. மேல் சட்டத்துக்கும் அடிச் சட்டத்துக்கும் 150 மி.மீ. சி-சேனல், தூணுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. 100 மி.மீ. சேனல் மலிவுதான். ஆனால் இந்த அகலத்தில் 12 டன் நடுவில் இறங்கினால் அது வளைகிற எல்லையை ஒட்டிப் போய்விடும், வாங்காதீர்கள். நான் ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தலா ஊரில், பழைய இரும்புக் கடையில் எடுத்தேன். இரும்பை அங்கே வீசையில் நிறுப்பார்கள். ஒரு வீசை சுமார் 1.63 கிலோ. 150 சேனல் மீட்டருக்குப் பத்து, பதினொரு வீசை இருக்க வேண்டும். ஒன்பதுக்குக் கீழே வந்தால் துரு தின்றிருக்கிறது, அல்லது தகடு மெலிசு.

சட்டம். புள்ளி வைத்துப் பிடித்ததும் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, இரண்டும் ஒன்றானால் மட்டும் முழு வெல்டிங். மேல் சட்டத்தை வெல்டிங்கை மட்டும் நம்பி விடாமல் பக்கத்துக்கு இரண்டு 20 மி.மீ. போல்ட்டும் போட்டேன். வேலைப்பொருளைத் தாங்குகிற அடிச் சட்டம் உட்கார 25 மி.மீ. உருட்டுக் கம்பியில் இரண்டு முளைகள். மரை வெட்டிய கம்பி வேண்டாம், மரையின் பள்ளத்திலிருந்தே அது முறியும்.

ஜாக்கி. இங்கேதான் எனக்கு ஒரு வாரம் போனது. ஜாக்கியைத் தலைகீழாக மேல் சட்டத்தில் தொங்கவிட்டு, ஜாக்கியின் தண்டு நேராக வேலைப்பொருளில் இறங்கட்டும் என்று மாட்டினேன். கைப்பிடியை அடித்தால் தொளதொளவென்று ஆடியது. தண்டு ஒரு விரல் அகலம் இறங்கி நின்றது, அதற்கு மேல் அசையவில்லை. சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கிற வளையம்) போய்விட்டது என்று நினைத்துப் புது சீல் வாங்கிப் போட்டேன். அப்போதும் அதே கதை. பிறகுதான் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன்: எண்ணெயை உறிஞ்சுகிற துளை ஜாக்கியின் அடியில் இருக்கிறது. கவிழ்த்தால் எண்ணெய் மறுபக்கம் போய்விடும், துளை காற்றைத்தான் குடிக்கும்.

ஆகவே ஜாக்கி நிமிர்ந்தே நிற்கட்டும். தூண்களுக்கு நடுவே மேலும் கீழும் நகர்கிற ஒரு குறுக்குச் சட்டம் செய்து, அதன்மேல் ஜாக்கியை வையுங்கள். தண்டு மேல் சட்டத்தை முட்டும். மேல் சட்டம் அசையாது, அதனால் குறுக்குச் சட்டம் கீழே இறங்கி அழுத்தும். ஜாக்கியின் அடியில் வெல்டிங் வைக்காதீர்கள், சூட்டில் சீல் கருகிவிடும். குழாய்த் துண்டில் ஒரு வளையம் வெட்டிக் குறுக்குச் சட்டத்தில் ஒட்டி, அதற்குள் ஜாக்கியை உட்கார வைத்தால் போதும். தண்டின் தலைக்கும் மேலே அதேபோல் ஒரு கிண்ணம்.

குறுக்குச் சட்டம் தானே மேலே ஏற, பக்கத்துக்கு ஒரு இழுவை ஸ்பிரிங். மேலே நிற்கும்போதே அவை கொஞ்சம் இழுபட்டிருக்க வேண்டும்.

எண்ணெய். ஜாக்கி எண்ணெய் மட்டும். பிரேக் எண்ணெய் சீலை ஊத வைத்துக் கெடுத்துவிடும். ஊற்றியதும் ஜாக்கியை இறக்குகிற வால்வைத் திறந்துவைத்துப் பத்துப் பதினைந்து தடவை அடியுங்கள், உள்ளே நின்ற காற்று வெளியேறிவிடும்.

பிறகு சேர்த்தது: மோல்மீனிலிருந்து ஒருவர், குறுக்குச் சட்டம் சாய்ந்து தூணில் இறுகுகிறது என்று எழுதினார். குறுக்குச் சட்டம் தூணை ஒட்டி நேராக நகர அவர் போட்டிருந்த வழிகாட்டித் தகடு இரண்டு விரல் உயரம்தான். அதைக் குறைந்தது 100 மி.மீ. உயரமாக்குங்கள், வேலைப்பொருளையும் தண்டுக்கு நேர் கீழே வையுங்கள், ஓரத்தில் வைத்தால் எந்தத் தகடும் தாங்காது.

இன்னொருவருக்குப் பேரிங்கின் வெளிவளையம் வெடித்துத் துண்டு சுவரில் பாய்ந்திருக்கிறது. கடினப்படுத்திய எஃகு வளையாது, சிதறும். நான் இப்போது முன்பக்கம் பழைய டயர் ரப்பரைத் தொங்கவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பிரஸ்ஸுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றே கைப்பிடியை அடிக்கிறேன்.