பழைய ஜீப்பில் ஹைட்ராலிக் கிளட்ச் போடுவது எப்படி?

1970-களில் அமெரிக்காவில் ஓடிய ஜீப் சிஜே-5-இல் கிளட்ச் முழுக்க ராடுகளால்தான் வேலை செய்யும். நடுவே இருக்கும் குறுக்குக் குழாயின் ஒரு முனை சேசிஸில், மறுமுனை இன்ஜின் பக்கம். ரப்பர் மவுன்ட்டில் இன்ஜின் ஆடினால் இணைப்பும் ஆடும். முனைகள் தேய்ந்துவிட்டால் கிளட்ச் முழுசாக விடாது, கியர் போடும்போது நறநறவென்று கத்தும். இந்த ராடுகளின் வேலையை ஆயில் அழுத்தத்துக்கு விடுவதுதான் ஹைட்ராலிக் கிளட்ச்: பெடல் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும், ஆயில் பைப் வழியே போய் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும், அது கிளட்சைப் பிரிக்கும் நெம்புகோலான ஃபோர்க்கைத் தள்ளும்.

பாகம் வாங்கும் முன் அளவு எடுங்கள். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் அணைந்திருக்க, கியரைப் போட்டு, ஒருவர் கம்பியால் கிளட்ச் ஃபோர்க்கை நெம்பட்டும். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே திசையில் கையால் சுற்ற வரும் வரை ஃபோர்க் முனை எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் முக்கியம். சாதாரண ஸ்லேவ் சிலிண்டர் தள்ளத்தான் செய்யும், இழுக்காது.

இனி கணக்கு. பெடல் 150 மி.மீ. இறங்குகிறது, நெம்பு விகிதம் 6:1 என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குக் கிடைப்பது 25 மி.மீ. மாஸ்டர் முக்கால் அங்குலம், ஸ்லேவ் எட்டில் ஏழு அங்குலம் என்றால் விட்டங்களின் விகிதத்தை வர்க்கமாக்க வேண்டும்: சுமார் 0.73. ஆக ஸ்லேவ் 18 மி.மீ. தள்ளும். ஃபோர்க்குக்கு 15 போதுமென்றால் தாராளம். பெரிய மாஸ்டர் போட்டால் நகர்வு கூடும், ஆனால் காலுக்கு பெடல் கல்லாகிவிடும்.

மாஸ்டரை ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடு) பொருத்துங்கள். தகடு மெல்லியது, மிதிக்கும்போது வளையும். பின்னால் 3 மி.மீ. தகடு ஒன்று கொடுங்கள். பெடல் மேலே இருக்கும்போது மாஸ்டரைத் தள்ளும் புஷ் ராடில் துளி ஆட்டம் இருக்கட்டும். இல்லையென்றால் ஆயில் திரும்ப வழியின்றி கிளட்ச் வழுக்கும்.

ஸ்லேவ் பிராக்கெட்டை பெல் ஹவுசிங்கில்தான் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) போட வேண்டும். வெல்டிங் சுலபம் என்று சேசிஸில் வைத்தால், ராடை மாற்றியதற்கே அர்த்தமில்லை. இன்ஜின் ஆட்டம் மறுபடி ஃபோர்க்குக்கே போகும். ஸ்லேவில் காற்றை வெளியேற்றும் ஏர் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும்.

மாஸ்டருக்கும் ஸ்லேவுக்கும் நடுவே ஸ்டீல் பிரேக் பைப், கடைசித் துண்டு மட்டும் வளையும் ஹோஸ். சைலன்சர் பைப்பை விட்டுத் தள்ளியே கொண்டுபோங்கள்.

அப்புறம் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில். இன்ஜின் ஆயில் ஊற்றினால் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஏர் எடுக்க: ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே பெடலை விடச் சொல்ல வேண்டும். குமிழி நிற்கும் வரை இப்படியே. மாஸ்டரின் ஆயில் தொட்டியான ரிசர்வாயர் காலியாகக் கூடாது.

கடைசியாகப் பெடலுக்கு ஒரு ஸ்டாப் போல்ட். கிளட்ச் விடுபட்டதும் கொஞ்சம் தள்ளிப் பெடல் அதில் முட்டி நிற்கட்டும். இல்லாவிட்டால் ஸ்லேவ் பிஸ்டன் ஒருநாள் வெளியே வந்துவிடும். கியரைப் போட்டு, ஒருவர் பெடலை மிதித்திருக்க, சக்கரங்களை மறுபடி கையால் சுற்றிப் பாருங்கள். சரியாக இருந்தால் பக்கத்துத் தெரு வரை ஓட்டிவிட்டு வந்து, பைப் நட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.