ஏ.சி.எல். ஒபரேசனுக்குப் பிறகு முதல் ஆறு கிழமை: எந்தப் பயிற்சி, எப்போது

ஏ.சி.எல். என்பது முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் நார். அது அறுந்தால், உடம்பின் வேறிடத்திலிருந்து எடுத்த நாரை அதற்குப் பதிலாகப் பொருத்துவதுதான் இந்த ஒபரேசன். முதல் இரண்டு கிழமையில் முழங்காலை மடக்குவதைவிட முழுதாக நீட்டுவதுதான் அவசரம். மடக்கம் பிந்தினாலும் வந்து சேரும். நீட்டம் தவறினால் மூட்டின் முன்புறம் வடுத் திசு திரண்டு அடைத்துக்கொள்ளும். சிலருக்கு அதை அகற்ற இன்னொரு ஒபரேசன் தேவைப்படும். ஆகவே முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்காதீர்கள், எவ்வளவு இதமாக இருந்தாலும் வேண்டாம். துவாயைச் சுருட்டிக் குதிக்காலின் கீழ் வையுங்கள். முழங்கால் தன் பாரத்திலேயே நேராகட்டும். 10 நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை. சரியாக நீள்கிறதா என்று பார்க்க, கட்டில் விளிம்புக்கு வெளியே இரு கால்களும் முழங்காலிலிருந்து நீட்டியிருக்கக் குப்புறப் படுங்கள். ஒரு குதிக்கால் மற்றதைவிட உயர்ந்து நின்றால் நீட்டம் இன்னும் பாக்கி.

அடுத்தது முன்தொடைத் தசை. மூட்டுக்குள் நீர் தேங்கினால் நரம்புகள் இந்தத் தசையை அடக்கிவிடும். நீங்கள் முயன்றாலும் அது இறுகாது. காலை நீட்டி, முழங்காலின் பின்பக்கத்தால் கட்டிலை அழுத்துங்கள். முழங்கால் சில்லு தொடைப் பக்கம் நகர வேண்டும். 5 விநாடி பிடித்து விடுங்கள். 10 தடவை, விழித்திருக்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நேராக்கிய காலை அப்படியே உயர்த்தும் பயிற்சி இதற்குப் பிறகுதான். உயர்த்தும்போது முழங்கால் சற்றேனும் தொய்ந்தால் இன்னும் நேரம் வரவில்லை, அழுத்தும் பயிற்சிக்கே திரும்புங்கள்.

மடக்க, சீமெந்துத் தரையில் குதிக்காலின் கீழ் ஒரு பொலித்தீன் பையைப் போட்டு, பாதத்தில் சாரத்தைச் சுற்றி மெதுவாக இழுங்கள். இரண்டாம் கிழமை முடிவில் 90 பாகையும், ஆறாம் கிழமையில் 120 பாகை அளவும் பொதுவான இலக்கு. ஆனால் மெனிஸ்கஸையும் (மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) தைத்திருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மடக்கத்துக்கும் பாரம் ஊன்றுவதற்கும் தனி வரம்பு இருக்கும். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பிசியோவிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள். பின்தொடையிலிருந்து நார் எடுத்தவர்கள், பாரம் கட்டிக் குதிக்காலைப் பின்னால் மடக்கும் பயிற்சியை ஆறு கிழமைக்காவது தொடாதீர்கள்.

நொண்டாமல் நடக்க முடிந்தால்தான் ஊன்றுகோலை விடலாம். ஒன்றை மட்டும் பிடிப்பதானால் நல்ல காலின் பக்கம் பிடிக்க வேண்டும். பிசியோ சம்மதித்ததும் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு 45 பாகை வரை அரைக்குந்தல், குதிக்கால் உயர்த்தல். ஜிம்மில் உள்ள கால் நீட்டும் மெசினை இப்போது விட்டுவிடுங்கள். பாரத்தோடு கடைசி 30, 40 பாகையை நீட்டும்போது கீழ்க்கால் எலும்பு முன்னே இழுபட்டு, புது நாரையும் இழுக்கும். நோவு குறையும் காலமும் நார் மிகப் பலவீனமாக இருக்கும் காலமும், அதாவது ஏறக்குறைய 6 முதல் 12 கிழமை வரை, ஒன்றாகவே வருகின்றன. பலர் பந்தைத் தொட்டுப் பார்ப்பது அப்போதுதான்.

திருகோணமலையில் காலாற நடக்க எல்லாரும் கடற்கரைக்குத்தான் போவோம். உப்புவெளி மணலில் கால் புதைந்து திரும்பும். அந்தத் திருகல்தான் நாருக்குப் பகை. சமதரை வீதியில் நடவுங்கள். கோணேசர் கோயிலுக்கு ஏறும் கோட்டை வீதிச் சரிவும் பிறகு பார்க்க வேண்டியது. காயம் முழுதாக மூடும் முன் கடலில் இறங்கவே கூடாது. குந்தும் கழிவறை என்றால் வீட்டுக்கு வரும் முன்பே கொமட் கதிரை ஒன்றை ஒழுங்கு செய்யுங்கள்.

பயிற்சியைக் கூட்டுவதா என்று மறுநாள் காலை முழங்காலைப் பார்த்து முடிவெடுங்கள். சில்லின் உட்பக்கத்தை மேல்நோக்கித் தடவி, பிறகு வெளிப்பக்கத்தைக் கீழ்நோக்கித் தடவுங்கள். உட்பக்கம் நீர் புடைத்து வந்தால் அன்று குறைக்க வேண்டும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வையுங்கள். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, காய்ச்சலோடு காயத்தில் சீழ் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் உடனே, இரவென்றாலும்.